மரச்செப்பும் தமிழ்ச் சொல்லும்

 

இத்தகைய பொழிவுகளில் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் பற்றிக் கேட்டுப் பழகியவர்களுக்கு, மரம் கடையும் தொழில் என்னும் இன்றைய பொருள் சற்றுப் புதுமையாகத் தோன்றக்கூடும். மொழியை வளர்க்கும் அவைக்கும் மரத்தூள் பறக்கும் பட்டறைக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். அந்த உறவை எடுத்துக்காட்டுவதே நம் நோக்கம். சுழலும் மரத்தில் உளி வைத்துச் சிறு கலங்களைச் செய்யும் கைவினைஞர், தமிழுக்குச் சில சொற்களைத் தந்திருக்கிறார். அச்சொற்கள் இப்போது நம் நாவிலிருந்து நழுவி வருகின்றன. அவற்றுள் எவற்றை இழந்தாலும் தாங்கலாம், எவற்றை இழக்கலாகாது என்பதை இன்று சேர்ந்து ஆராய்வோம்.

1. கடை என்னும் வினை

சிராங்கூன் சாலையில் செல்லும் மாணவர் ஒருவரிடம் ‘கடை’ என்றால் என்ன என்று கேட்டால், இருபுறமும் கையைக் காட்டுவார். நகைக் கடை, பூக்கடை, மளிகைக் கடை எனச் சாலை முழுவதும் விடை நிறைந்திருக்கிறது. சற்றே கூடுதலாகப் படித்தவர் கடைக்கண், கடைசி, கடைநிலை ஆகியவற்றைச் சொல்லி, முடிவு என்னும் பொருளும் உண்டு என்பார். கடைகிறேன், கடைந்தேன், கடைவேன் என்று வரும் வினைச்சொல்லை நினைப்பவர் மிகச் சிலரே.

ஆயினும் அந்த வினை நம் வீடுகளில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கீரைக் கடைசலை உண்ணாத தமிழ்ப்பிள்ளை அரிது. வெந்த கீரையில் மத்தை இட்டு, உள்ளங்கைகளுக்கிடையே அதை முன்னும் பின்னுமாக உருட்டுகிறோம். இது கடைதல். தயிரில் மத்தை நிறுத்திக் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் வெண்ணெய் திரள்கிறது. இதுவும் கடைதல். உலர்ந்த கட்டையின் குழியில் ஒரு கோலை நிறுத்தி விரைந்து சுழற்றினால் நெருப்புப் பிறக்கிறது. அக்கோலுக்குத் தீக்கடைகோல் என்று பெயர். மரத்துண்டை இரு முனைகளில் தாங்கி, அதன் மேல் வாரைச் சுற்றி இழுத்துச் சுழற்றி, உளியால் உருட்சி பெறச் செய்வதும் கடைதலே. அத்தொழிலுக்குக் கடைசல் என்றும் கடைச்சல் என்றும் பெயர். அதைச் செய்பவர் கடைசற்காரர்.

வெண்ணெய், நெருப்பு, மரக்கலம் ஆகிய மூன்றும் வேறு வேறு பொருள்கள். மூன்றுக்கும் தமிழ் ஒரே வினையை வைத்தது ஏன்? மூன்றிலும் கை செய்யும் வேலை ஒன்றாக இருப்பதே காரணம். ஒரு தண்டு தன் அச்சில் ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாகச் சுழல்கிறது. பழைய கடைசற்பொறியும் அவ்வாறே இயங்கியது. அது ஒரே திசையில் இடைவிடாது ஓடவில்லை. உதவியாளர் வாரின் ஒரு முனையை இழுக்கும்போது மரம் கைவினைஞரை நோக்கிச் சுழலும், உளி வெட்டும். மறுமுனையை இழுக்கும்போது மரம் எதிர்த்திசையில் சுழலும், உளி ஓய்ந்திருக்கும். எகிப்தில் பெட்டோசிரிசு என்பவருடைய கல்லறையில் பொது ஆண்டுக்கு முன் 300ஐ ஒட்டிய காலத்துப் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. கடைசற்பொறியைக் காட்டும் மிகப் பழைய உருவங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. அதிலும் ஒருவர் வாரை இழுக்க, மற்றொருவர் உளியைப் பிடிக்கிறார்.

பாற்கடலைக் கடைந்த கதையை நாம் அறிவோம். மந்தரமலை மத்தாக, வாசுகி கயிறாக, இரு கூட்டத்தார் மாறி மாறி இழுக்கின்றனர். கம்போடியாவின் அங்கோர்வாட் கோயிலில் 12ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட அந்தக் காட்சியைக் கடைசற்காரர் ஒருவர் கண்டால், தம் பட்டறையைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார்கள் என்றே எண்ணுவார். இன்று மின்பொறி ஒரே திசையில் மரத்தைச் சுழற்றுகிறது. ஆனாலும் ‘கடை’ என்னும் சொல்லுக்குள் பழைய கயிற்றின் முன்னும் பின்னுமான இழுப்பு இன்றும் பதிந்திருக்கிறது. பழைய பொறி மறைந்தாலும் அது இயங்கிய முறையை வினைச்சொல் காத்து வைத்திருக்கிறது.

2. பட்டறையில் நடப்பது என்ன?

கடைசல் எளிய தொழில் போலத் தோன்றும். மரம் சுழல்கிறது, உளி தொடுகிறது, சுருள் சுருளாகச் சீவல் விழுகிறது. ஆனால் வேலை பொறியின் முன் அமர்வதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

வெட்டிய மரத்தில் நீர் நிறைந்திருக்கும். அது உலரும்போது மரம் சுருங்கும், அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கிய போக்கில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே பச்சை மரத்தில் துல்லியமான வட்டமாகக் கடைந்த கிண்ணம், சில வாரங்களில் நீள்வட்டமாகிவிடும், சில வேளை வெடித்தும் விடும். இதைத் தவிர்க்கக் கைவினைஞர் இரண்டு வழிகளைக் கையாள்கிறார். சிறு கலங்களுக்கு மரத்தைப் பட்டை நீக்கிப் பல வாரங்கள் உலரவிட்டுப் பிறகு கடைவது ஒன்று. பெரிய கிண்ணங்களை முதலில் தடித்த சுவரோடு கடைந்து வைத்து, உலர்ந்து கோணிய பின் மீண்டும் பொறியில் ஏற்றி வட்டமாக்குவது மற்றொன்று. கிண்ணத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு சுவர்த் தடிப்பை முதல் கடைசலில் விடுவது மரம் கடைவோரிடையே வழங்கும் கணக்கு.

அடுத்தது உளி. கையின் வலிமையால் உளியை மரத்துக்குள் அழுத்துபவர் தொடக்கநிலையில் இருப்பவர். தேர்ந்தவர் உளியைத் தாங்கு கட்டையின் மேல் வைத்து, அலகின் சரிவு சுழலும் மரத்தை உரசும்படி சாய்க்கிறார். பிறகு பிடியைச் சிறிது உயர்த்துகிறார். வெட்டு தானாகவே தொடங்குகிறது. வெட்டும் விசையைப் பொறி தருகிறது, திசையைக் கை தருகிறது. கலத்தின் வெளிப்புறத்தைக் கடைந்த பின் உட்புறத்தைக் குடைய வேண்டும். அங்கே உளியின் முனை கண்ணுக்குத் தெரியாது. சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை வெட்டின் ஓசை மாறுவதைக் கேட்டே அறிகிறார் கைவினைஞர்.

இறுதியாக வண்ணம். நம் நாட்டுக் கடைசலின் தனிச்சிறப்பு இங்கேதான் இருக்கிறது. தூரிகையும் குழம்பும் தேவையில்லை. அரக்குப்பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினை எடுத்து, உருக்கி, நிறம் கலந்து பிசைந்து, கட்டியாகவும் குச்சியாகவும் செய்து வைத்திருப்பார்கள். சுழலும் கலத்தின் மேல் அக்குச்சியை அழுத்தியதும் உராய்வினால் வெப்பம் எழுகிறது. அரக்கு உருகி மரத்தின் மேல் பரவுகிறது. பிறகு காய்ந்த தாழை மடலை வைத்து அழுத்தினால், மேற்பரப்பு கண்ணாடி போல் மெருகேறுகிறது. தீக்கடைகோலில் பிறந்த வெப்பமே இங்கே அரக்கை உருக்குகிறது. நெருப்புக்கும் கலத்துக்கும் ஒரே வினையை வைத்த நம் முன்னோரின் கணிப்பு எவ்வளவு பொருத்தமானது!

3. செப்பும் மூடியும்

இப்பட்டறைகளில் பிறந்த கலங்களுள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நெருக்கமானவை மரச்செப்புகள். தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம் அவற்றுக்குப் பெயர் பெற்ற ஊர். மஞ்சட்கடம்பு போன்ற மரங்களில் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிய சிறு பானை, குடம், அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, கரண்டி எனச் சமையலறை முழுவதும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிடும். பேச்சில் அதைச் சொப்புச் சாமான் என்கிறோம். பெண் என்பது பேச்சில் பொண்ணு என்றும், பெட்டி என்பது பொட்டி என்றும் ஆவது போலச் செப்பு சொப்பாகியிருக்கிறது.

செப்பு என்பது தொன்மையான சொல். செம்பையும் குறிக்கும், மூடியுள்ள சிறு கலத்தையும் குறிக்கும். திருக்குறளில் 89ஆம் அதிகாரமாகிய உட்பகையில் வள்ளுவர் இச்சொல்லை உவமையாக எடுத்தாள்கிறார். செப்பும் மூடியும் பொருந்தியிருக்கும்போது புறத்தே பிரிவு தெரியாது, ஆயினும் அவை இரண்டாகவே இருக்கின்றன. உட்பகை கொண்ட குடியினரும் அவ்வாறே கூடியிருப்பர் என்பது கருத்து. வள்ளுவர் எண்ணிய செப்பு மரத்தாலானதா, உலோகத்தாலானதா என்பது நமக்கு முதன்மையன்று. மூடி எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தினால் கோடு மறையும் என்பதை உற்று நோக்கிய ஒருவர்தாம் அந்த உவமையைச் சொல்லியிருக்க முடியும். இன்றும் கடைசற்காரரின் திறத்துக்கு உரைகல் மூடியே. தளர்ந்தால் கழன்று விழும், இறுகினால் ஈரக்காற்றில் மரம் உப்பித் திறக்க மறுக்கும். சிங்கப்பூர் போன்ற ஈரம் மிகுந்த ஊரிலிருந்து குளிர்சாதன அறைக்குள் கொண்டுபோனாலே மூடியின் பொருத்தம் மாறுவதை உணரலாம்.

சிறு பிள்ளைக்கு மரச்செப்பு செய்த பணி விளையாட்டோடு நிற்கவில்லை. அது ஓர் அகராதியாகவும் இருந்தது. பொருளைக் கையில் எடுத்தபடியே அதன் பெயரையும், அதனால் செய்யும் செயலின் பெயரையும் பிள்ளை கற்றது. உலக்கையை எடுத்தால் குத்தியது, அம்மியில் அரைத்தது, ஆட்டுக்கல்லில் ஆட்டியது, திருகையில் திரித்தது, முறத்தில் புடைத்தது. குத்துதல், அரைத்தல், ஆட்டுதல், திரித்தல், புடைத்தல் என ஐந்து வினைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை, எழுத்தறியாத நான்கு வயதுப் பிள்ளையும் தன் கைகளால் உணர்ந்தது.

4. மாறியவையும் மாறாதவையும்

இத்தொழில் பல முறை நலிந்தும் பல முறை நிமிர்ந்தும் வந்திருக்கிறது. எவ்வாறு நிமிர்ந்தது என்பதை அறிய நம் அண்டை மாநிலங்கள் இரண்டைப் பார்ப்போம். கர்நாடகத்தின் சென்னபட்டணமும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவும் அரக்கு மெருகேற்றிய கடைசல் பொம்மைகளுக்குப் பெயர் பெற்றவை. இரண்டு ஊர்களுமே புவிசார் குறியீடு பெற்றுள்ளன. இரண்டிலும் மரபாகப் பயன்பட்ட மரம் ஒன்றே: தமிழில் நாம் வெட்பாலை என்று அழைக்கும் மென்மையான வெண்மரம். ஏட்டிகொப்பாக்காவில் இடைக்காலத்தில் செயற்கைச் சாயங்கள் புகுந்தன. பிள்ளைகள் வாயில் வைக்கும் பொம்மைக்கு அவை ஏற்றவை அல்ல என்று கருதி, விதை, பட்டை, வேர், இலை ஆகியவற்றிலிருந்து நிறம் எடுக்கும் முறையை மீட்டெடுத்தவர் சி. வி. ராஜு. அவருக்கு 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சென்னபட்டணத்தில் கைவாரின் இடத்தை மின்பொறி பிடித்தது. வெட்பாலையோடு இரப்பர் மரமும் பயன்பாட்டுக்கு வந்தது. இரப்பர் மரம் என்றதும் நாம் சற்று நிற்க வேண்டும். 1877ஆம் ஆண்டு நம் பூமலைக்கு வந்து சேர்ந்த நாற்றுகளிலிருந்தே மலாயாவின் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களில் பால் வெட்டியவர்களுள் பெரும் பகுதியினர் தமிழர்கள். பால் குறைந்த பிறகு விறகுக்கே உரியதென ஒதுக்கப்பட்ட அந்த மரம், பிற்காலத்தில் மேசை நாற்காலிகளுக்கும் பொம்மைகளுக்கும் ஏற்ற மரமாக மதிப்புப் பெற்றது. நம் பாட்டன்மார் கத்தியால் கீறிய அதே இன மரத்தைத்தான் இன்று கடைசற்காரர்கள் உளியால் கடைகிறார்கள்.

மரம் மாறியது, விசை மாறியது, வாங்குவோரும் மாறினர். மாறாதது ஒன்று உண்டு. சுழலும் மரத்தில் உளியை வைத்து உருவை எடுத்து, உராய்வின் வெப்பத்தில் அரக்கை ஏற்றும் செயலே அது. அச்செயல் நின்று, அச்சில் வார்த்த நெகிழிக்கு வண்ணம் அடிக்கத் தொடங்கியிருந்தால், ஊரின் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கும்.

கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையிலும் இதே நிலையைக் காணலாம். அங்கே ஆச்சா மரத்தைக் கடைந்தும் துளைத்தும் நாகசுரம் செய்கிறார்கள். 2022ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புதிதாக வெட்டிய மரத்தை அவர்கள் நாடுவதில்லை. பழைய வீடுகளின் தூண்களாகவும் உத்திரங்களாகவும் பல்லாண்டுகள் உலர்ந்த மரத்தையே தேடி வாங்குகிறார்கள். சிராங்கூன் சாலைக் கோயில்களில் நாகசுரம் ஒலிக்கும்போது நாம் கேட்பது, முன்பு ஒரு வீட்டைத் தாங்கி நின்ற மரத்தின் குரலாகவும் இருக்கலாம்.

5. சிங்கப்பூரில் சொற்கள் கடையப்பட்ட வகை

இனி நம் நகருக்கு வருவோம். பட்டறையில் மரத்துக்கு நேர்வது போலவே, இங்கே சொற்களுக்கும் நேர்ந்திருக்கிறது. தேக்கா என்னும் பெயரைப் பாருங்கள். புதிதாக வருவோர் தேக்கு மரத்தோடு அதை இணைக்கக்கூடும். அது ஹொக்கியன் சீனத்தில் சிறுமூங்கிலின் அடிப்பகுதி என்னும் பொருளுடைய தொடரிலிருந்து பிறந்தது. தமிழர் அந்தச் சீனத் தொடரைத் தம் நாவில் உருட்டி, மூன்றே எழுத்தில் மெருகேற்றி வைத்துக்கொண்டனர். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த சிராங்கூன் வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். சுண்ணாம்பு தமிழ், கம்பம் மலாய்க் ‘கம்போங்’கின் தமிழ் வடிவம். காளவாய்கள் மறைந்துவிட்டன, பெயர் ஒரு வட்டாரத்தின் தொழிலை இன்னும் நினைவூட்டுகிறது.

பெயர்ச்சொற்கள் இவ்வாறு ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு வருவது இயல்பு. அதனால் தமிழுக்குக் குறை நேரவில்லை, நிறைவே நேர்ந்தது. லேத், மோட்டார் ஆகியவற்றையும் தமிழகத்துப் பட்டறைகள் அவ்வாறே ஏற்றுக்கொண்டன. ‘லேத் பட்டறையில் மரம் கடைகிறார்கள்’ என்று சொன்னால், அந்த வாக்கியம் தமிழாகவே நிற்கிறது. வெளியிலிருந்து வந்த மரத்துண்டு அது, ஆனால் அதைச் சுழற்றுவது நம் பொறி.

மலாய்மொழியிலும் இத்தொழிலுக்குத் தனிச்சொல் உண்டு. மரம் கடைதலை அவர்கள் ‘மெலாரிக்’ என்பர். மலாய் மக்களின் ‘காசிங்’ என்னும் பம்பரமும் நம் பம்பரமும் ஒரே வகைப் பொறியில் கடையப்படுபவை. சாட்டையைச் சுற்றி இழுத்து விடும்போது பிள்ளைகள் செய்வதும் பழைய கடைசற்பொறியின் வேலையையே. ஒரு பம்பரத்தை மேசையில் வைத்தால், தமிழ் மாணவருக்கும் மலாய் மாணவருக்கும் தத்தம் மொழியில் சொல்வதற்கு ஒரு வினை இருக்கிறது என்பது இந்நாட்டின் பேறு.

மரத்துக்கும் இங்கே குறைவில்லை. நம் சாலைகளுக்குக் குடை பிடிக்கும் தூங்குமூஞ்சி மரமும், வேங்கையின் இனத்தைச் சேர்ந்த அங்சானா மரமும் கடைவதற்கு ஏற்றவை. புயற்காற்றில் சாய்ந்தோ, சாலைப் பணிக்காக வெட்டப்பட்டோ வரும் இம்மரங்களைத் தூளாக்கிவிடாமல், கிண்ணங்களாகவும் பலகைகளாகவும் ஆக்கும் கைவினைஞர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். ஆக, கடைசலுக்கு வேண்டிய மரமும் கையும் இந்நகரில் உள்ளன. அதைத் தமிழில் சொல்வதற்கு வேண்டிய வினை நம் மாணவரிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

6. வினை போனால் மீளாது

இன்று ஓர் இளைஞர் இவ்வேலையைப் பற்றிப் பேசினால் எவ்வாறு பேசுவார்? மரத்தைக் ‘கட் பண்ணி, டர்ன் பண்ணி, சாண்ட் பண்ணி, பாலிஷ் பண்ணினோம்’ என்பார். இதைக் கேட்டு அவரைக் கடிவதற்கு நமக்கு உரிமையில்லை. தம் எதிரே ஒருவர் மரத்தை அறுத்து, கடைந்து, தேய்த்து, மெருகேற்றியதை அவர் கண்டதுமில்லை, அச்செயல்களின் பெயர்களைக் கேட்டதுமில்லை. வீட்டில் தமிழ் பேசுவோர் குறைந்து வருவதை மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் காட்டும் காலத்தில், அவர் தமிழில் பேச முன்வந்ததே மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அந்த வாக்கியத்தை ஆராய்வது நம் கடமை. அதில் தமிழாக எஞ்சியிருப்பவை மரம், பண்ணு என்னும் இரண்டு சொற்களே. பண்ணு நல்ல பழந்தமிழ் வினைதான். ஆனால் எல்லா வேலைகளையும் ஒரே ஆள் தலையில் சுமத்தினால் அந்த ஆள் என்ன ஆவார்? எல்லாச் செயலும் ‘பண்ணு’ ஆகிவிட்டால், செயல்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைத் தமிழில் காண்பது நின்றுவிடும்.

தச்சுப் பட்டறையின் வினைகளை எண்ணிப் பாருங்கள். வாளால் துண்டாக்குவது அறுத்தல். நார்ப்போக்கில் இரண்டாக்குவது பிளத்தல். மெல்லிய ஏடாக எடுப்பது சீவுதல். இழைப்புளியால் சமனாக்குவது இழைத்தல். சிறு சிறு சில்லாக எடுத்து உருவம் தருவது செதுக்குதல். உள்ளே பள்ளமாக்குவது குடைதல். மறுபுறம் வரை வழி செய்வது துளைத்தல். சுழற்றி உருட்சி தருவது கடைதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி, ஒரு கையசைவு, ஒரு பயன்.

இவை பட்டறைக்கு வெளியேயும் பணி செய்கின்றன. எழுத்தாளர் சொற்களைச் செதுக்குகிறார். ஆசிரியர் குடைந்து குடைந்து கேள்வி கேட்கிறார். பொன்னோடு மணி இழைத்த அணி என்கிறோம். ஐயம் மனத்தைத் துளைக்கிறது. ஒருவரைக் ‘கடைந்தெடுத்த’ பொய்யர் என்று ஏசுகிறோம். பாலைக் கடைந்து சாரமாகிய வெண்ணெயை எடுப்பது போலப் பொய்யின் சாரமே அவர் என்பது அதன் உட்பொருள். நுண்ணிய கருத்துகளைச் சொல்லத் தமிழுக்குக் கிடைத்த கருவிகளுள் பல, கைவினைஞரின் பெட்டியிலிருந்து வந்தவை. வேரான பொருளை அறியாத மாணவர், உருவகத்தை மனப்பாடமாக மட்டுமே ஒப்பிப்பார்.

பட்டறையே இல்லாத அடுக்குமாடி வாழ்க்கைக்குப் பட்டறைச் சொற்கள் எதற்கு என்று கேட்பவர் உண்டு. கேள்வி ஞாயமானது. அம்மி இல்லாத வீட்டில் அம்மி என்னும் பெயர் மறைவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. பெயர்ச்சொல் பொருளோடு பிறந்து பொருளோடு மறையும். வினைச்சொல்லின் நிலை வேறு. அம்மி போனாலும் அரைத்தல் மின்பொறியில் தொடர்கிறது. வார் போனாலும் கடைதல் மோட்டாரில் தொடர்கிறது. பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பயிலும் நம் மாணவர்கள் இன்றும் அறுக்கிறார்கள், துளைக்கிறார்கள், தேய்க்கிறார்கள். செயல் உயிரோடு இருக்கும்போதே அதன் தமிழ்ப் பெயரை நாம் கைவிட்டால், அது காலத்தின் குற்றமாகாது, நம் கவனக்குறைவே ஆகும்.

7. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்

ஆசிரியப் பெருமக்கள் முன் மூன்று கருத்துகளை வைக்க விழைகிறோம்.

முதலாவது, வகுப்பறைக்கு ஒரு மரச்செப்பைக் கொண்டு வாருங்கள். மூடியுள்ளதாக இருந்தால் நன்று. அதைக் கைமாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து, பொருத்தி, திருகி, தட்டி, தடவிப் பார்த்த பிறகு, அது எவ்வாறு உருவாகியிருக்கும் என்று மரம் வெட்டிய நாளிலிருந்து வரிசையாகச் சொல்லச் செய்யுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: ‘பண்ணு’ வரக்கூடாது. பெயர்ச்சொற்கள் எம்மொழியிலிருந்தும் வரலாம், வினைகள் தமிழாக இருக்க வேண்டும். இருபது நிமிடத்தில் மாணவர்கள் எத்தனை வினைகளைத் தேடி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். தெரியாத வினையைத் தேவை தோன்றிய வேளையில் சொல்லிக்கொடுத்தால், அது மறக்காது.

இரண்டாவது, நவராத்திரிக் கொலுவை மாணவர்கள் காணச் செல்லும்போது, படிகளில் பொம்மைகளுக்கருகே இருக்கும் சிறு கலங்களையும் காட்டுங்கள். மரப்பாச்சி செதுக்கப்பட்டது, செப்பு கடையப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் செதுக்கலுக்கும் கடைசலுக்கும் உள்ள வேறுபாடு விளக்கமின்றியே விளங்கும். ஒன்றில் ஒவ்வொரு வெட்டும் தெரியும், மற்றொன்றில் எந்த வெட்டும் தெரியாது.

மூன்றாவது, வீட்டுப் பெரியோரிடம் மாணவர்களை அனுப்புங்கள். ‘உங்கள் காலத்தில் என்ன பொருள்கள் இருந்தன’ என்று கேட்கச் சொல்வதைவிட, ‘உங்கள் கைகள் என்னென்ன செய்தன’ என்று கேட்கச் சொல்லுங்கள். பொருள்களின் பட்டியல் ஏக்கத்தில் முடியும். செயல்களின் பட்டியல் சொற்களைத் தரும். பால் வெட்டியவர், பாய் முடைந்தவர், கயிறு திரித்தவர், பூத் தொடுத்தவர் எனப் பலர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வினைகளைப் பெற்றுக்கொள்வதற்குக் காலம் குறைவாகவே உள்ளது.

மாணவச் செல்வங்களே, செப்பு என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. செப்புதல் என்றால் சொல்லுதல். கலத்தைக் குறிக்கும் செப்பும், சொல்லுதலைக் குறிக்கும் செப்பும் வேறு வேறு சொற்கள்தாம். ஆனாலும் இரண்டையும் ஒருங்கே நினைவில் வைப்பது நமக்கு நன்மை தரும். விழா மேடையில் மட்டும் எடுத்து, துடைத்து, மீண்டும் அலமாரியில் வைக்கும் அழகுக் கலமாகத் தமிழ் ஆகிவிடக்கூடாது. வள்ளுவர் சுட்டிய செப்பையும் மூடியையும் போல, வகுப்பறைத் தமிழும் வாழ்க்கையும் புறத்தே பொருந்தி அகத்தே பிரிந்திருக்கவும் கூடாது. நீங்கள் எதைச் செய்தாலும், அதைச் செய்யும்போதே அதன் பெயரைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அறுக்கும்போது அறுக்கிறேன் என்றும், துளைக்கும்போது துளைக்கிறேன் என்றும், கடையும்போது கடைகிறேன் என்றும் சொல்லுங்கள். புதிய பொருள்கள் எந்தப் பெயரோடும் வரட்டும். அவற்றைக் கொண்டு நீங்கள் செய்யும் செயல் தமிழாக இருக்கட்டும்.